ஒரு நாள் டாக்டரா, வருஷம் முழுக்கத் தையல் டீச்சரா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், டைம்டேபிள் போட உட்கார்ந்திருந்தோம். எங்களுடையது தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை 118 பிள்ளைகள், அவர்களுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் நாலு பேர், அதில் நான் அறிவியல். கணக்குக்கு இத்தனை, இங்கிலீஷுக்கு இத்தனை என்று அடித்துப் பிடித்துக் கட்டங்களை நிரப்பி முடித்த நேரத்தில் எச்.எம். மேடம் கேட்டார்: “ஹெல்த்து, லைஃப் ஸ்கில்லு... இதுக்கு இந்த வருஷம் என்ன சார் பண்றது? போன வருஷம் மாதிரி ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசவிட்டுரலாமா?”

போன வருஷம் நடந்தது ஞாபகம் இருந்ததால் உடனே வேண்டாம் என்றுவிட்டேன். சரி, அப்போ எது வேணும் என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதிவைக்கிறேன், இதே கேள்வியோடு வேறு பள்ளியிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஏறக்குறைய எல்லா வழியையும் ஏதோ ஒரு வருஷம் நாங்களே செய்து பார்த்திருக்கிறோம், சிலதை ஒழுங்காக, சிலதைப் பேருக்கு.

முதலில் யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்கு வரும்போது பதினோரு வயசு, எட்டு முடிக்கும்போது பதிமூன்று பதினாலு. ஜூனில் கீச்சுக் குரலில் பேசிய பையன் ஜனவரியில் குரல் உடைந்து, வருகைப் பதிவுக்கு “உள்ளேன் ஐயா” சொல்லக்கூடக் கூச்சப்படுகிறான். பெண் பிள்ளைகள் பலர் இந்த மூன்று வருஷத்துக்குள் வயசுக்கு வந்துவிடுகிறார்கள். கையில் அம்மாவின் போன், காலுக்கு அண்ணனின் பழைய சைக்கிள், பையில் பத்து ரூபாய். எதைப் பார்ப்பது, எங்கே போவது, எதை வாங்கித் தின்பது என்பதையெல்லாம் முதல்முறையாகத் தானே முடிவு பண்ணுகிற வயசு.

இன்னொரு விஷயம், இதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைத்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. அதனால் ஐந்தாவது வரை காலையில் கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் வந்த பிள்ளை, ஆறாவது போன அன்றைக்கு அதே வளாகத்தில் அதே வாசனைக்கு நடுவில் தட்டு இல்லாமல் நின்றது. அந்தப் பிள்ளையை உட்காரவைத்து “காலை உணவைத் தவிர்க்கக் கூடாது” என்று போர்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் வந்தவர் நல்ல டாக்டர்தான், அவர்மேல் ஒரு குறையும் இல்லை, சொதப்பியது முழுக்க நாங்கள். பெண் பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்தோம், பையன்களை மைதானத்துக்கு விரட்டினோம், கதவைச் சாத்தினோம், டாக்டர் கையில் மைக்கைக் கொடுத்தோம். ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று ஹாலுக்கு வெளியே தூணில் மாட்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. உள்ளே அவர் மாதவிடாய் பற்றி விளக்கமாகச் சொன்னதெல்லாம் மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மறுநாள் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் நாப்கின் பாக்கெட்டைப் பற்றி ஏதோ கேட்டுவைத்தான், அவள் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை, நாலாம் நாள் அவளுடைய அம்மா வந்து நின்றார். “ஏன் சார், இதெல்லாம் மைக் போட்டா சொல்லுவீங்க?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மறுபடி நடத்தினால் சரியாகிவிடுமா? அதைத்தான் நானும் யோசித்தேன். ஆகாது. ஒரு நாள் பேச்சில் பிள்ளைக்குச் சந்தேகம் அன்றைக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய், படுத்து, பத்து நாள் கழித்து வயிற்றுவலி வரும்போதோ, தெருவில் ஒருவன் எதையோ சொல்லிக் கூப்பிடும்போதோதான் வரும். அப்போது டாக்டர் அங்கே இல்லை. பதினோரு வயசுப் பிள்ளை அறுபது பேர் நடுவில் கையைத் தூக்கி “டாக்டர், எனக்கு இப்படி இருக்கு” என்று கேட்கும் என்று எதிர்பார்ப்பதும் நடக்கிற காரியமில்லை.

ஆனால் டாக்டரை வேண்டாம் என்று நான் சொல்வது பேசுவதற்கு மட்டும்தான். பரிசோதனைக்கு அவர் கட்டாயம் வேண்டும். பிள்ளைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.வின் வேன் வருகிற அன்றைக்குக் கண், பல், காது, இதயம் எல்லாம் பார்க்கிறார்கள். எங்கள் எட்டாம் வகுப்பில் மக்கு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த ஒருவனுக்கு (நானும்தான், ஒப்புக்கொள்கிறேன்) போர்டே தெரியவில்லை என்பது அந்த வேன் வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி போட்ட மறுவாரம் அவன் கடைசி பெஞ்சிலிருந்து வாய்விட்டுப் படித்தான். ஆக அன்றைக்கு டாக்டர் பிள்ளைகளைப் பார்க்கட்டும், மேடையும் மைக்கும் வேண்டாம்.

இதே வகையில் இன்னொன்று, ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாள் என்றால் சீருடையில் ஒருவர் வந்து பேசி, எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பது. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டேர்’ என்ற பெயரில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்குப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள், நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கெல்லாம் ரொம்பப் பிடித்துப்போனது. 90-களில் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடுவதை அது குறைத்ததாகப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், உறுதிமொழி முடிந்து பிள்ளைகள் கேட்டைத் தாண்டினால் எதிரே பெட்டிக்கடை, அதில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் புகையிலைச் சரம்.

அந்தக் கடையை வைத்து ஒரு நாள் ஒரு வேலை செய்தோம். 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் அதை விற்கக் கூடாது. 100 கஜம் என்றால் எத்தனை மீட்டர் என்று ஏழாம் வகுப்பைக் கணக்குப் போடச் சொன்னேன், 91.44 வந்தது. அப்புறம் கிணற்றுக் கயிறு ஒன்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கேட்டிலிருந்து அளந்துகொண்டே போனோம். கடை வாசலுக்கு 23 முடிச்சுதான். கடைக்காரர் எட்டிப் பார்த்து “என்ன சார், ரோடு போடப் போறாங்களா?” என்றார். ஒரு பையன் முந்திக்கொண்டு சட்டத்தைச் சொல்லிவிட்டான். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சரம் வெளியே தொங்கவில்லை. உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பையன்கள் சொல்கிறார்கள். பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அன்றைக்குப் புரிந்தது வேறு. அந்தப் பீரியடில் கணக்கும் இருந்தது, சட்டமும் இருந்தது, பெரியவர் ஒருவர் முன்னால் பயமில்லாமல் ஒரு வாக்கியம் பேசுவதும் இருந்தது.

இதிலிருந்துதான் இரண்டாவது வழி மேல் எனக்கு ஆசை வந்தது, அதாவது தனியாக எதுவும் வேண்டாம், இருக்கிற பாடத்தோடு சேர்த்தே நடத்திவிடலாம் என்பது. ஆசிரியர்கள் எல்லாருக்கும் இதுதான் பிடிக்கும், ஏனென்றால் டைம்டேபிளில் கை வைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பு அறிவியலிலும் ஏழாம் வகுப்பு அறிவியலிலும் உடல் நலமும் சுகாதாரமும் பற்றிப் பாடம் இருக்கிறது. எட்டில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. எல்லாம் இருக்கிறதே, அப்புறம் என்ன?

இரண்டு சிக்கல். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பாடம் பின்பகுதியில் வருகிறது, நாம் அதைத் தொடும்போது பிப்ரவரி ஆகிவிடும். ஆறாம் வகுப்பு ஆகஸ்டில் வயசுக்கு வந்த பெண்ணுக்கு இரண்டரை வருஷம் கழித்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? இரண்டாவது, தேர்வு. புத்தகத்துக்குள் வந்துவிட்டால் அது இரண்டு மார்க் கேள்வி ஆகிவிடுகிறது. ‘வளரிளம் பருவம் என்றால் என்ன?’ என்று கேட்டால் என் பிள்ளைகள் வரி பிசகாமல் எழுதுவார்கள். எழுதிய அதே பையன், முகத்தில் பரு வந்ததற்குப் பற்பசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான்.

ஆனாலும் சில பகுதிகள் பாடத்துக்குள்தான் நன்றாக உட்காருகின்றன, அதைத் தனியாக இழுக்க வேண்டியதில்லை. கூல்டிரிங்க்ஸ் பாட்டில் லேபிளைக் கொண்டுவரச் சொல்லி, 100 மி.லி.யில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து, பாட்டிலுக்குக் கணக்குப் போட்டு, அதை ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளரில் கொட்டிக் காட்டினால் அது விகிதப் பாடம்தான். டம்ளரைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை “சார், இதை எறும்புக்குப் போட்டாலே எறும்பு செத்துரும்” என்றது.

மூன்றாவது வழி வெளியிலிருந்து தொண்டு நிறுவனம். ஒருமுறை எங்களுக்கு அமைந்தது. வாரம் ஒருநாள் ஓர் இளம்பெண் வருவார், பிள்ளைகளுக்கு அக்கா. கையில் படச் சுருள், விளையாட்டு, பாட்டு. வட்டமாக உட்காரவைப்பார், அவரும் தரையில் உட்காருவார். நாங்கள் வருஷக்கணக்காகப் பிடுங்க முடியாத பதிலையெல்லாம் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் வாயிலிருந்து வாங்கிவிடுவார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டாம் வருஷம் நடுவில் திட்டம் முடிந்துவிட்டது, நிதி நின்றுவிட்டது, கடைசியாக ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். “அக்கா எப்ப சார் வருவாங்க?” என்று பிள்ளைகள் மூன்று மாதம் கேட்டார்கள். அக்காவிடம் எதையெதைச் சொல்லியிருந்தார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. யார் வீட்டில் அடி விழுகிறது, யாரை யார் பின்தொடர்கிறான், எல்லாம் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. கிடைத்தால் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் முதல் நாளே நம் ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். நலக்கல்வி என்ற பெயரில் நாப்கின் கம்பெனி விளம்பரத்தையே பாடமாக நடத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு, ஆகவே என்ன கொண்டுவருகிறார்கள் என்று முன்னாலேயே ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்வது நாலாவது. வகுப்புக்கு இரண்டு பேரை நலத் தூதுவர்களாகப் போடுவது. கை கழுவுவது, நகம், தண்ணீர் பாட்டில் இதற்கெல்லாம் சரி. ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் பதவி கொடுத்தால் அது போலீஸ் ஆகிவிடும். “சார், இவன் நகம் வெட்டலை, இவ தலையில பேனு” என்று தினமும் புகார்ப் பட்டியல். மாதாமாதம் ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள், அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது வாரம் ஒரு தனிப் பீரியட், நம் ஆசிரியரே நடத்துவது. அரசு சொல்வதும் இதைத்தான். 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் வந்த பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண், 11 தலைப்புகள், வாரம் ஒரு மணி நேரம், செயல்பாடுகள் வழியாக. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. நானும் இதற்குத்தான் கை தூக்க இருந்தேன்.

அப்போதுதான் பீகார் ஆராய்ச்சி ஒன்று கண்ணில் பட்டுக் குழப்பிவிட்டது. நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மையமாக வைத்துச் செய்தது, 2018-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரே நலத் திட்டத்தை ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். இன்னொரு பகுதியில் அந்த ஊர்ப்பக்கமிருந்தே ஒருவரை எடுத்துப் பயிற்சி கொடுத்து ஆலோசகராகப் போட்டார்கள், அவர் படித்துப் பட்டம் வாங்கிய மனநல நிபுணரெல்லாம் இல்லை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு, கேலி, அடிதடி எல்லாம் குறைந்திருந்தது, பள்ளிச் சூழலே மாறியிருந்தது. ஆசிரியர் நடத்திய இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது தமிழ் டீச்சர் கோபப்பட்டார். “பிள்ளைங்க விவரத்தையெல்லாம் எமிஸ் வெப்சைட்ல ஏத்தறது நாம, விலையில்லா நோட்டு கணக்கு நாம, தேர்தல் வேலை நாம, இதுல இதுவும் சரியா நடக்கலைன்னா அதுவும் நம்ம தலையிலயா?” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, பீகாரிலும் அதே கதையாகத்தான் இருக்கும். ஆனால் நேரமில்லாதது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் மார்க் போடுகிற ஆள். காலையில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஒருவனை எழுப்பி நிற்கவைத்தவன், மத்தியானம் அவனைப் பார்த்து “மனசுல என்ன இருக்குன்னு தயங்காமச் சொல்லுப்பா” என்றால் அவன் எதைச் சொல்வான்? அவன் அம்மாவை எனக்குத் தெரியும், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வரும்போது நான் பேசுவேன் என்று அவனுக்கும் தெரியும்.

வாரம் ஒரு பீரியட் வேண்டும், அதை நடத்துகிறவர் பள்ளியிலேயே இருக்கிறவராக இருக்க வேண்டும், ஆனால் மார்க் போடாதவராக இருக்க வேண்டும். இப்படி ஒருவரை எங்கே தேடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் தையல் டீச்சர் ஆறாம் வகுப்பை உட்காரவைத்து ஹெம்மிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பகுதி நேர ஆசிரியர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரை, ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகள் நூறைத் தாண்டிய அரசுப் பள்ளிகளில், ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். அந்தப் பட்டியலில் ‘வாழ்வியல் திறன்’ என்றே ஒரு பிரிவு இருந்தது என்பது வேடிக்கை. சம்பளம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத வருஷம் இல்லை.

எங்கள் தையல் டீச்சரின் வகுப்பை நான் அதுவரை கவனித்ததில்லை. அன்றைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து துணியில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை, சித்தி வீட்டு நாய் குட்டி போட்டது, அண்ணன் போனில் ஏதோ கேமுக்குப் பணம் கட்டி மாட்டிக்கொண்டது. டீச்சர் ‘ம்’ கொட்டுகிறார், நடுவில் “நூலை இழுக்காதேடி, சுருங்கிரும்” என்கிறார். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை பத்து நிமிஷம் பேசியது. பையன்களும் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வெட்கம் எனக்குத்தான், நானே சட்டைப் பட்டன் அறுந்தால் மனைவியிடம் நீட்டுகிறவன்.

இப்படியாக, பீரியட் தையல் டீச்சருக்கு என்று முடிவானது. உடம்பு பற்றிய விளக்கம் வேண்டிய இடங்களில் நான் துணைக்குப் போவேன்.

எத்தனை பீரியட் என்பதற்கு ஒரு முன்மாதிரி பிடித்தோம். கில்பர்ட் போட்வின் என்பவர் அமெரிக்காவில் நடுநிலை வகுப்புகளுக்கு உருவாக்கிய வாழ்க்கைத் திறன் பயிற்சி முதல் வருஷம் 15 வகுப்பு, இரண்டாம் வருஷம் 10, மூன்றாம் வருஷம் 5 என்று போகிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, அடியில் கனம் வைத்துவிட்டு மேலே போகப்போக ஞாபகப்படுத்தினால் போதும் என்பது. நாங்கள் அப்படியே எடுக்கவில்லை: ஆறுக்கும் ஏழுக்கும் வாரம் ஒன்று, எட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. வயசுக்கு வருவதைப் பற்றிய பேச்சு ஆறாம் வகுப்பிலேயே, அதுவும் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால். பையன்களும் பெண்களும் சேர்ந்துதான் உட்காருவார்கள். தனித்தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்கக் கடைசிப் பத்து நிமிஷம் பிரிந்து உட்காருவார்கள். பையன்களை மைதானத்துக்கு விரட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் போன வருஷமே பார்த்துவிட்டோமே.

உள்ளடக்கத்தில் எனக்கும் டீச்சருக்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது, அதில் அவர்தான் ஜெயித்தார். புகையிலையை யாராவது கொடுத்தால் எப்படி மறுப்பது என்று நடித்துக் காட்டுகிற பயிற்சி. கையேடு சொல்கிறபடி, கண்ணைப் பார்த்து உறுதியாக ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழக்கலாம் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். “சார், குடுக்கறது யாரு? மாமா பையன், இல்லைன்னா பக்கத்துத் தெரு அண்ணன். அவன்கிட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டு வேண்டாம்னு சொன்னா அன்னிக்கே அடி விழும்.” அவர் பிள்ளைகளையே கேட்டார், நீங்க எப்படித் தப்பிப்பீங்க என்று. வரிசையாக வந்தது: “எங்கம்மா வாயை மோந்து பாக்கும்ணே.” “எனக்குப் பல்லுல ஓட்டைண்ணே, எரியும்.” “ட்யூஷனுக்கு நேரமாச்சு.” ஒருவன், “வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அப்புறம் சாக்கடைல போட்ருவேன் டீச்சர்.” அது சரியா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது, பாக்கெட்டில் இருக்கும்போது அப்பா பார்த்துவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு பெண் மடக்கினாள். உலக சுகாதார நிறுவனம் 90-களில் போட்ட பத்து வாழ்க்கைத் திறன் பட்டியலில் முடிவெடுத்தல், தெளிவாகப் பேசுதல், ஆராய்ந்து சிந்தித்தல் என்றெல்லாம் இருக்கிறதே, அதெல்லாம் இந்த அரைமணி நேரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வந்துவிட்டது.

நீல மாத்திரைக்கும் இந்தப் பீரியட் உதவும் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, கூட ஃபோலிக் அமிலம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15-லிருந்து 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆகவே மாத்திரை அவசியம்தான். ஆனால் எங்கள் ஏழாம் வகுப்பு ஜன்னலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், மழை பெய்தால் மண்ணில் நீலச் சாயம் இறங்கும். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து ஜன்னல் வழியே துப்புகிறார்கள். ஏன் என்று நாங்கள் திட்டினோமே தவிரக் கேட்டதில்லை. டீச்சர் கேட்டார். ஒரு வாரம் வெறும் வயிற்றில் போட்ட ஒருத்தி வாந்தி எடுத்தாளாம், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்களாம். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து ஒருவன் பயந்து வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். கறுப்பாகப் போவது சாதாரணம் என்று ஒரு வரி முன்னாலேயே சொல்லியிருந்தால் முடிந்தது. இப்போது சத்துணவு முட்டை சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை, உடனே டீ குடிக்கக் கூடாது என்பதும் சேர்த்து.

அப்புறம் கேள்விப் பெட்டி. பீகாரிலும் இப்படி ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் சாக்பீஸ் டப்பாவில் கீறி வைத்தோம். எல்லாரும் ஒரே அளவுத் தாளில் ஏதாவது எழுதிப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் அன்றைக்குச் சாப்பிட்டதை எழுதினால் போதும். அப்போதுதான் எழுதுகிறவன் யார் என்று தெரியாது. முதல் வாரம் வந்ததில் பாதிக்குமேல் சாம்பார். மீதியில்: பல் விளக்கினால் ரத்தம் வருகிறது, அது கேன்சரா? ஒரு பக்கம் மார்பு பெரிதாக இருந்தால் ஆபரேஷன் பண்ணணுமா? பாத்ரூமில் பல்லி விழுந்தால் தோஷமா? ஒரு தாளில் மட்டும், “அப்பா குடிச்சிட்டு வந்தா நான் எங்க போய்ப் படுக்கணும்.” கேள்விக்குறிகூட இல்லை.

இந்த ஒரு தாளுக்காகவே முன்னேற்பாடு வேண்டும் என்கிறேன். பெட்டி வைத்துவிட்டு, வருவதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் வைக்காமலே இருக்கலாம். ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது. 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்திருக்கிறது என்று தெரியவந்தால் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. ஆகவே முதல் வகுப்பிலேயே டீச்சர் சொல்லிவிட்டார்: கேலி, சண்டை, சந்தேகம் எல்லாம் என்னோடு இருக்கும், உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன், சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்வேன். குழந்தைகள் உதவி எண் 1098-ம், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் போர்டு ஓரத்தில் பெயிண்டில் எழுதியிருக்கிறது, அழிக்க முடியாதபடி.

இந்த முடிவில் எனக்கே இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பள்ளியிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர் தலையில் பள்ளியிலேயே கனமான வேலையைக் கட்டியிருக்கிறோம். ஆறும் ஏழும் அவர் வருகிற அரை நாட்களுக்குள் அடங்கிவிட்டன, எட்டாம் வகுப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள் வர வேண்டியிருக்கிறது. அதற்குப் பஸ் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு கொடுக்கும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள், கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் நாலு பட்டதாரி ஆசிரியர்களும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுவது என்று பேசிவைத்திருக்கிறோம், அது சரியான வழி இல்லை என்று தெரிந்தேதான். எண்பது பிள்ளைகள் மட்டும் இருக்கிற பள்ளி என்றால் பகுதி நேர ஆசிரியரே இருக்க மாட்டார். அங்கே, ஒரு வகுப்புக்குப் பாடமே எடுக்காத இன்னொரு வகுப்பு ஆசிரியரை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அவர் மார்க் போடுகிறவர்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

சாக்பீஸ் டப்பா இரண்டே வாரத்தில் நைந்துபோனது. மரப்பெட்டி ஒன்று செய்து சின்னப் பூட்டும் வாங்கிவிட்டோம், பூட்டு மட்டும் 60 ரூபாய். சாவி இரண்டு. ஒன்று தையல் டீச்சர் கையில். இன்னொன்று ஆபீஸ் பீரோவில் இருக்கட்டும் என்கிறார் எச்.எம். மேடம், ஆய்வுக்கு யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்கிறார். அதுவும் தன்னிடமே இருக்க வேண்டும் என்கிறார் டீச்சர். இன்னும் முடிவாகவில்லை. நான் டீச்சர் பக்கம்.